இரண்டு ஏடுகளும் ஒரு கணக்கும்

இலஞ்சி என்னும் சொல்லுக்கு மகிழ மரம் என்றும் நீர்நிலை என்றும் பொருள் கூறுவர். தென்காசிக்கு மேற்கே, குற்றாலத்துக்கு அணித்தே, சிற்றாற்றுப் பாசனத்தில் வயல்கள் சூழ அமைந்திருக்கும் நம் ஊருக்கு அப்பெயர் நன்கு பொருந்தும். அவ்வூரில் பிறந்து, தமிழிலக்கியம் பயின்று, பின்னர்க் காலத்தின் போக்கால் கணினித் தொழிலை மேற்கொண்டோம் நாம். தமிழ்த்துறைச் சிறப்பு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பேராசிரியப் பெருமக்கள் பணித்தபோது, இலக்கியம் பற்றி எழுதும் தகுதி இன்னும் நமக்கு உண்டோ என்னும் ஐயம் எழுந்தது. ஆகவே அறிந்த தொழிலைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதிலும் நாம் செய்த பிழை ஒன்றைப் பற்றி.

தந்தையார் எழுதிய ஏடுகள்

நம் தந்தையார் தென்காசியில் உரக்கடை நடத்தி வந்தார். உர மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கி இலஞ்சியில் இருந்தது. வயலுக்கு அருகில் என்பதால் உழவர் பலர் கிட்டங்கிக்கே வந்து யூரியாவும் பொட்டாஷும் பெற்றுச் செல்வர். கார் சாகுபடிக்கு வாங்கிய கடனை அந்த அறுவடையிலும், பிசானத்துக்கு வாங்கியதைப் பிசான அறுவடையிலும் செலுத்துவது வழக்கம். நம்பிக்கையே அவ்வணிகத்தின் முதல்.

கிட்டங்கியில் ஒரு நாள்வழிக் குறிப்பேடு. கடையில் ஒரு பேரேடு. யார், எப்போது, என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்பது நிகழ்ந்த வரிசையிலேயே நாள்வழியில் ஏறும். இரவில் தந்தையார் அதை மிதிவண்டியில் தென்காசிக்குக் கொண்டு சென்று, ஒவ்வொரு வரியையும் உரியவர் பெயரில் பேரேட்டில் பெயர்த்தெழுதுவார். எழுதி முடித்த வரியின் ஓரத்தில் பேரேட்டின் பக்க எண்ணைப் பென்சிலால் குறிப்பார். எண் இருந்தால் அவ்வரி ஏறிவிட்டது, இல்லையேல் ஏறவில்லை. பிழை நேர்ந்தால் அழிக்க மாட்டார். ஒரு கோடு கிழித்து, கீழே திருத்தத்தைத் தனிவரியாக எழுதுவார். இறுதியில் இரு ஏடுகளின் அன்றைய கூட்டுத்தொகையையும் ஒப்பிடுவார். பத்துப் பைசா வேறுபட்டாலும் உறங்கச் செல்லார். சிறுவராயிருந்த நமக்கு அது வீண் வேலையாகவே தோன்றியது.

நாம் எழுதிய நிரல்

2006ஆம் ஆண்டில் கடையில் ஒன்றும் கிட்டங்கியில் ஒன்றுமாக இரு கணினிகள் வாங்கினோம். இரண்டிலும் தனித்தனித் தரவுத்தளங்கள் அமைத்தோம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றே உறவுநிலைத் தரவுத்தளங்களுக்கு வித்து. செய்திகளை அட்டவணைகளாகவும், ஒவ்வொரு செய்தியையும் ஒரு வரியாகவும் வைத்து, அட்டவணைகளுக்கிடையேயான தொடர்பைப் பொதுவான மதிப்புகளால் உணர்த்துவது அம்முறை. வாடிக்கையாளர் அட்டவணையில் அவருக்கொரு வரி. அவ்வரியில் பெயர், ஊர், மாவட்டம், நிலுவைத் தொகை, கடைசியாகத் திருத்திய நேரம் ஆகியவை. இவ்வாறே நாம் அமைத்தோம்.

ஒரே தரவுத்தளத்துக்குள் நிகழும் மாற்றங்களுக்கு அத்தளமே காவல். ஒரு நடவடிக்கை முழுதும் நிறைவேறும். அன்றேல் ஒன்றும் நிறைவேறாது. பாதியில் மின்சாரம் நின்றாலும் தளம் தன்னைச் சரிசெய்து கொள்ளும். ஆயின் இரு தளங்களுக்குப் பொதுவான காவலர் இல்லை. இரண்டையும் ஒத்திருக்கச் செய்யும் பொறுப்பு இடையிலுள்ள நிரலின் மேல், அதாவது அதை எழுதியவரின் தலைமேல் விழுகிறது.

முதலில், பணம் வரவானவுடன் இரு தளங்களிலும் ஒருங்கே எழுதுமாறு செய்தோம். சாரல் காலத்தில் அது நிலைக்கவில்லை. கிட்டங்கியில் எழுதியாகிவிடும், தென்காசிக்கு எழுத முற்படும்போது தொலைபேசித் தொடர்பு அறுந்துவிடும். ஒன்றில் ஏறியது மற்றதில் ஏறாது. அதனினும் கொடியது ஒன்றுண்டு: தென்காசியில் எழுதப்பட்டிருக்கும், எழுதியாயிற்று என்னும் விடைமட்டும் திரும்பி வாராது. மீண்டும் அனுப்பினால் இருமுறை ஏறுமோ, அனுப்பாவிடில் ஏறாமலே போகுமோ என்று நிரல் திகைத்து நிற்கும்.

எனவே வேறொரு வழி கண்டோம். இரவில் ஒருமுறை இரு தளங்களையும் வரி வரியாக ஒப்பிடுதல். வேறுபட்டால் எவ்வரி பிந்திய நேரத்தில் திருத்தப்பட்டதோ அதையே மெய்யெனக் கொண்டு மற்றதன் மேல் எழுதுதல். நிரல் எழுத ஒரு வாரமே ஆயிற்று. ஒவ்வொரு காலையும் திரையில் ‘வேறுபாடு இல்லை’ என்னும் வாசகம் மிளிரும். தந்தையாரின் மிதிவண்டிக்கும் பென்சிலுக்கும் ஓய்வளித்துவிட்டோம் என்று பெருமிதம் கொண்டோம்.

கணினி பொய் சொல்லாது

2007ஆம் ஆண்டு, ஆனி மாதம். கார் நடவுக்கு உரம் வாங்க மூதாட்டியார் ஒருவர் கடைக்கு வந்தார். இலஞ்சிக் குளத்துப் பாசனத்தில் குத்தகைக்குச் சிறிது வயல் வைத்துப் பயிரிடுபவர். இருபதாண்டுப் பழக்கம். கணினியில் அவர் பெயரைத் தட்டினோம். பிசானத்துக்கு வாங்கிய கடன் 3,850 ரூபாய் நிலுவை என்றது. கடை நிறைய ஆள்கள் நின்றிருந்தனர்.

“பழைய பாக்கி நிற்கிறதே, ஆச்சி” என்றோம்.

“பங்குனியிலேயே கிட்டங்கில குடுத்துட்டேனே, எய்யா.”

கிட்டங்கிக் கணினியின் கணக்கையும் பார்த்தோம். அதுவும் 3,850 என்றே காட்டியது. இரண்டு ஏடுகளும் ஒரே சொல்லைச் சொல்லும்போது ஐயத்துக்கு இடமேது? “இரண்டு இடத்திலும் பாக்கி என்றுதான் இருக்கிறது, கணினி பொய் சொல்லாது, ஆச்சி” என்று கூறிவிட்டோம். அவர் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். மறுமொழி கூறவில்லை. வெறுங்கையோடு படியிறங்கினார்.

மறுநாள் அவருடைய பேரன் ஒரு துண்டுச் சீட்டைக் கொணர்ந்து நீட்டினான். கிட்டங்கியில் கையால் எழுதிக் கொடுத்த வரவுச் சீட்டு, தொகை 3,850. தந்தையார் ஒன்றும் பேசாது கிட்டங்கிக்குச் சென்று சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டினார். அங்கும் அதே தொகை. தவறு நம்முடையதே.

எவ்வாறு நேர்ந்தது என்று இரவெல்லாம் ஆராய்ந்தோம். கிட்டங்கிக் கணினியின் உள்ளே கடிகாரத்தை இயக்கும் சிறு மின்கலம் செயலிழந்திருந்தது. அவர் பணம் செலுத்திய நாளன்று மின்சாரம் நின்று வந்தபோது அக்கடிகாரம் 2002ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிட்டது. ஊழியர் மறுநாள் நேரத்தைச் சரிசெய்துவிட்டார். ஆயின் அதற்குள் அன்றைய வரிகள் பழைய தேதியோடு ஏறிவிட்டன. அன்றிரவு நம் நிரல் இரு வரிகளை ஒப்பிட்டது. கிட்டங்கி வரியில் நிலுவை இல்லை, தேதி 2002. தென்காசி வரியில் நிலுவை 3,850, தேதி 2006. பிந்தியதே மெய் என்னும் விதிப்படி, செலுத்திய கணக்கை அழித்து, செலுத்தாத கணக்கை அதன்மேல் எழுதிவிட்டது. காலையில் திரை ‘வேறுபாடு இல்லை’ என்றது. அது மெய்யே. இரு ஏடுகளும் ஒத்திருந்தன. இரண்டும் தவறாக ஒத்திருந்தன.

அன்று மாலை தந்தையாரோடு அம்மூதாட்டியாரின் இல்லம் சென்றோம். திண்ணையில் அமரச் செய்து மோர் தந்தார். பிழை நம்முடையது, பொறுத்தருள வேண்டும் என்றோம். அவர் சற்றுநேரம் கழித்துச் சொன்னார்: “துட்டு போனாச் சம்பாதிச்சுக்கிடலாம், எய்யா. நாலு பேரு முன்னால இல்லைன்னு சொல்லிட்டியளே, அதை எங்கபோயி எழுதி அடைப்பிய?”

அந்த வினாவுக்கு இன்றளவும் நம்மிடம் விடையில்லை.

அறிஞர் கண்டதும் தந்தையார் அறிந்ததும்

அதன் பின்னரே இத்துறை நூல்களை முறையாகக் கற்கத் தொடங்கினோம். நாம் இடறி விழுந்த ஒவ்வொரு பள்ளத்தையும் அறிஞர்கள் முன்பே அளந்து வைத்திருந்தனர். இருவேறு இடங்களில் உள்ள கணினிகளின் கடிகாரங்களை நம்பி நிகழ்ச்சிகளின் முன்பின்னைத் தீர்மானித்தல் தகாது. நிகழ்ச்சிகளுக்கு வரிசை எண் அளித்தே அவற்றை ஒழுங்குபடுத்தலாம் என்று லெஸ்லி லாம்போர்ட் 1978ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். விடை வாராமையால் விளையும் திகைப்பை, இரு மலைகளில் பாசறை அமைத்த இரு படைத்தலைவர் கதையாக ஜிம் கிரே அதே ஆண்டில் விளக்கியுள்ளார். ஒருங்கே தாக்கினால்தான் வெற்றி. ஆனால் இடையே செல்லும் தூதுவர் பிடிபடக்கூடும். எத்தனை தூதுகள் சென்று மீண்டாலும், கடைசித் தூது போய்ச் சேர்ந்ததா என்னும் ஐயம் யாரேனும் ஒருவருக்கு எஞ்சியே தீரும்.

இரு தளங்களும் ஒருங்கே மாறவேண்டுமானால் ‘இருகட்ட உறுதியாக்கம்’ என்னும் முறை உண்டு. நடுவர் ஒருவர் முதலில் இரு தரப்பாரிடமும் ஆயத்தமா என்று கேட்பார். இருவரும் ஆம் என்ற பின்னரே முடித்து வைப்பார். கிரே இதனைத் திருமணச் சடங்குக்கு ஒப்பிட்டார். ஆயினும் இருவரின் சம்மதத்தையும் பெற்றபின் நடுவர் மயங்கி விழுந்தால், முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் இரு தரப்பும் காத்து நிற்க நேரிடும். அடிக்கடி தொடர்பு அறும் நம் ஊருக்கு அது ஏற்றதாகத் தோன்றவில்லை.

நாம் இறுதியில் எழுதிய நிரல், தந்தையாரின் முறையைக் கணினிக்குக் கற்பித்ததேயாகும். நிலுவைத் தொகையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் படியெடுப்பதைக் கைவிட்டோம். வாங்கியது, செலுத்தியது ஆகிய நிகழ்ச்சிகளையே அனுப்பினோம். நிலுவையை அந்தந்த இடத்தில் கூட்டிக் கழித்துக் கொள்ளச் செய்தோம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிறந்த இடத்தின் எழுத்தோடு கூடிய தொடர் எண் அளித்தோம். இலஞ்சிக்கு ‘இ’, தென்காசிக்குத் ‘தெ’. வரவு எழுதப்படும் அதே நடவடிக்கைக்குள், ‘இதனை அனுப்ப வேண்டும்’ என்னும் குறிப்பும் தனி அட்டவணையில் ஏறும். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும். தொடர்பு அறுந்தால் அக்குறிப்பு காத்திருக்கும். விடை வந்த பின்னரே அனுப்பியதாகக் குறிக்கப்படும். தந்தையாரின் பென்சில் எண் அதுதான். விடை தவறி ஒரே நிகழ்ச்சி இருமுறை சென்றாலும், அவ்வெண் முன்பே ஏறியிருப்பதைக் கண்டு தென்காசித் தளம் வாளாவிருக்கும். எதுவும் அழிக்கப்படுவதில்லை, திருத்தம் தனிவரியாகவே ஏறும். இரவில் இருபுறத்து எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ஒப்பிடப்படும். வேறுபட்டால் நிரல் தானே தீர்ப்பளிக்காது. மனிதர் வந்து பார்க்கட்டும் என்று நின்றுவிடும்.

ஊரும் நாடும்

இச்சிக்கல் நம் கடையளவில் நிற்பதன்று. நிலத்தை விலைக்கு வாங்குவோர் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிகின்றனர். அது பதிவுத்துறையின் ஏடு. அந்நிலத்தின் பட்டாவோ வருவாய்த்துறையின் ஏட்டில் உள்ளது. பத்திரத்தில் புதியவர் பெயர், பட்டாவில் பழையவர் பெயர் என்று இரு ஏடுகளும் மாறுபட்டு நிற்க, அதனால் வங்கிக் கடன் கிட்டாமல் அலைந்தோரும், பங்காளிகளோடு பகைத்தோரும் நம் ஊர்ப்புறத்தில் பலர். பதிவுத்துறை 2018 பிப்ரவரியில் ‘ஸ்டார் 2.0’ மென்பொருளைத் தொடங்கியது. வருவாய்த்துறையிடம் ‘தமிழ் நிலம்’ உள்ளது. இவை இணைக்கப்பட்டமையால், உட்பிரிவு தேவைப்படாத நிலங்களுக்குப் பத்திரப் பதிவைத் தொடர்ந்து பட்டாவும் தானே மாறும் வழி பிறந்தது. உட்பிரிவு செய்ய வேண்டிய நிலத்துக்கு நில அளவர் நேரில் வந்து அளந்தே ஆகவேண்டும். எதை நிரல் தீர்க்கலாம், எதை மனிதக் கண் பார்த்தே தீர்க்க வேண்டும் என்னும் எல்லை அங்கே தெளிவாக வரையப்பட்டிருக்கிறது.

இரண்டாவது ஏடே தேவையில்லாமல் செய்வதும் ஒரு வழி. இரயில்வே முன்பதிவுக்கு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்கள் தனித்தனியே இயங்கின. 1999ஆம் ஆண்டில் அவை ‘கன்சர்ட்’ என்னும் மென்பொருளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. எல்லா வண்டிகளின் இருக்கைக் கணக்கையும் ஐந்து மையங்களிலும் படியெடுத்து வைக்கவில்லை. ஒரு வண்டியின் கணக்கு ஒரு மையத்துக்கே உரியது. பிற ஊரார் அம்மையத்தைக் கேட்டே சீட்டுப் பெறுவர். பொதிகை விரைவு வண்டியின் ஒரே இருக்கை தென்காசியில் ஒருவருக்கும் டெல்லியில் ஒருவருக்குமாக விற்கப்படாமைக்கு இதுவே காரணம். எந்தச் செய்திக்கு யார் உரிமையாளர் என்பதை முதலில் வரையறுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

எஞ்சும் பாதி பெயரில் உள்ளது. ஒரே மனிதர் குடும்ப அட்டையில் மைதீன், பட்டாவில் முகைதீன், பள்ளிச் சான்றிதழில் முஹ்யித்தீன். இசக்கியம்மாள் ஓரிடத்தில் எசக்கியம்மாள். கணினிக்கு இவர்கள் வெவ்வேறு மனிதர்கள். இம்மலரைப் படிக்கும் பெரியோர் பலரும் ‘இருவரும் ஒருவரே’ என்று சான்று வாங்க அலைந்திருப்பர்.

ஊரின் பெயரும் அத்தகையதே. நம் அண்டை ஊராகிய செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இலஞ்சியோ 2019 நவம்பர் 22 அன்று, தமிழகத்தின் 33ஆவது மாவட்டமாகத் தென்காசி உதித்தபோது திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. ஊர் ஓரடியும் நகரவில்லை. ஏட்டில் மட்டும் இடம் மாறியது. நம் நிரலில் வாடிக்கையாளரைப் பெயர், ஊர், மாவட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்தே அடையாளம் கண்டிருந்தோம். கடைக் கணினியில் மாவட்டத்தை மாற்றிய நாளன்று நூற்றுக்கணக்கான பெயர்கள் கிட்டங்கிக் கணக்கோடு பொருந்தாமல் நின்றன. இம்முறை நிரல் எதையும் அழிக்கவில்லை; நின்று நம்மை அழைத்தது. மாறக்கூடிய எதையும் அடையாளமாகக் கொள்ளலாகாது என்று உணர்ந்து, ஒவ்வொருவருக்கும் பொருளற்ற ஓர் எண்ணை அளித்தோம். மாவட்டம் மாறினும் பெயரின் எழுத்து மாறினும் அவ்வெண் மாறாது.

மாணவச் செல்வங்களுக்கு

இன்று இம்மாணவருள் பலர் கணினித் துறைக்குச் செல்லவிருக்கின்றனர். மருத்துவமனை, வங்கி, நியாயவிலைக் கடை எனப் பல ஏடுகளை இணைக்கும் பணி அவர்கள் கைக்கு வரும். அவர்களுக்கு நாம் கூற விழைவது ஒன்றே. இரண்டு ஏடுகள் ஒத்திருத்தல் வேறு. அவை உண்மையாயிருத்தல் வேறு. ஒத்திருக்கச் செய்தல் எளிது. ஒன்றை அழித்து மற்றதைப் படியெடுத்தால் போதும். உண்மையாயிருக்க வேண்டுமாயின், என்ன நிகழ்ந்தது என்பதற்கான தடம் அழியாமல் இருத்தல் வேண்டும். ஏட்டுக்கு எதிராக ஒரு மனிதர் பேசும்போது அத்தடத்தைப் புரட்டிப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். அன்று நாம் இழந்தது அப்பொறுமையே. அடிக்கட்டையைப் புரட்ட ஐந்து நிமிடங்கள் போதுமாயிருந்தன.

தந்தையாரின் நாள்வழி ஏடுகள் இன்றும் நம் வீட்டில் உள்ளன; ஓரத்துப் பென்சில் எண்கள் மங்கியும் மறையவில்லை. அம்மூதாட்டியார் அடுத்த பிசானத்துக்கு மீண்டும் நம் கடைக்கு வந்தார். அதன்பின் பல்லாண்டுகள் வாடிக்கையை விடவில்லை. ஆயினும் பணத்தைக் கொடுத்தவுடன் படியிறங்க மாட்டார். சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, நம் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு முறையும் கேட்பார்: “ரெண்டு எடத்துலயும் ஏறிட்டா, எய்யா?”

ஏறிற்று என்று திரையைப் பாராமல் நாம் ஒருநாளும் விடை கூறியதில்லை.